ஊர்நத்தம்: அளக்காமல் விட்ட நிலம்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் எலவனாசூர்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கி நின்றால் கடைகள், வீடுகள், பள்ளிவாசல், கோயில் மதில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கால் மணி நேரம் நடந்தால் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் தொடங்கிவிடும். "இந்த ஊரின் மொத்த நிலத்தில் வீடும் தெருவுமாக மாறிவிட்ட நிலம் எவ்வளவு?" என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும் என்றுதான் நானும் எண்ணினேன். எண் கிடைத்தது. ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்கத் தொடங்கியபோதுதான், ஆயிரம் ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்ல யாரும் முயலவில்லை என்பது புரிந்தது. அது ஏன் என்பதைத்தான் வாசகர்களுடன் சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஊரின் பெயர். கல்வெட்டுகளில் இவ்வூர் இறையானரையூர் எனப்படுகிறது. திருக்கோவலூரை மையமாகக் கொண்டு மலையமான்கள் ஆண்ட மலாடு என்னும் நாட்டைச் சேர்ந்தது. 'கோட்டை' என்பது பிற்காலத்து ஒட்டு; 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள் நடந்தபோது இந்தக் கோட்டையின் பெயரும் அடிபட்டது. 1993 வரை இது தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். பிறகு விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்.

இவ்வூர்ச் சிவன் கோயிலின் இறைவனை நாம் இன்று அர்த்தநாரீசுவரர் என்கிறோம். ஆனால் கல்வெட்டில் அவர் பெயர் ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர். அதாவது ஊரில் ஒரு பங்கைக் கொண்டருளியவர். அதையே வடமொழியில் கிராமார்த்தநாதர் என்றார்கள்: கிராமத்தில் பாதிக்கு உடையவர். அம்மைக்கு உடலில் பாதி தந்தவரை நமக்குத் தெரியும். ஊரில் பாதியைத் தாம் வாங்கிக்கொண்டவரை இங்குதான் காணலாம். நிலப் பங்கீடு இறைவன் திருப்பெயரிலேயே ஏறிவிட்ட ஊர் என்பதால், நம் கேள்வியை இங்கிருந்து தொடங்குவது பொருத்தம் என்று பட்டது.

கழித்த நிலம்

பங்கு போட வேண்டுமானால் அளக்க வேண்டும். சோழ நாட்டில் முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1000-ஐ ஒட்டி, பெரிய அளவில் நில அளவை நடந்தது. அதன் பயனைத் தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் இன்றும் படிக்கலாம். கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. கணக்கின் அமைப்பு எளியது. ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்று தொடங்கும். அதிலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவற்றைக் கழிக்கும். மிச்சம் இருப்பது இறை கட்டும் நிலம். அந்த மிச்சத்துக்குத்தான் இவ்வளவு நெல் என்று கணக்கு.

மனிதர்கள் வாழ்ந்த நிலமெல்லாம் இங்கே கழித்தல் குறிக்குப் பின்னால் வருகிறது என்பதைக் கவனியுங்கள். வீடு, கோயில், குளம், சேரி, சுடுகாடு ஆகிய ஐந்தும் அரசின் பார்வையில் ஒரே இனம். இவை நெல் தராதவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊர்நத்தம் வேறு, சேரி வேறு என்று இரண்டு தனித் தலைப்புகள். யார் எங்கே குடியிருக்கலாம் என்ற பிரிவினை அன்றைய நிலக் கணக்கிலேயே பதிந்து கிடக்கிறது. வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படிப்பவர்கள் இந்த வரியை விட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். நாம் அப்படிப் போக வேண்டியதில்லை.

அளவையின் நுட்பத்தைப் பற்றி ஒரு செய்தி அடிக்கடி மேடைகளில் சொல்லப்படும். ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை சோழர்கள் கணக்கிட்டார்கள் என்பது அது. செய்தி உண்மைதான். தமிழ்ப் பின்னத்தில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதற்குக் கீழே 'கீழ்' என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு படியிலும் 320-ஆல் வகுத்துக்கொண்டே போகலாம். 320 × 320 × 320 × 320 × 5 என்று பெருக்கிப் பாருங்கள்; 52,428,800,000 வரும். ஆனால் அது நிலத்தில் எவ்வளவு? பிற்காலத் தஞ்சை வேலி ஏறத்தாழ 6⅔ ஏக்கர், அதாவது சுமார் 27,000 சதுர மீட்டர். சதுர மில்லிமீட்டரில் சொன்னால் 2,700 கோடி. இதை 5,243 கோடியால் வகுத்தால் வருவது அரைச் சதுர மில்லிமீட்டர்! ஒரு கடுகின் குறுக்குப் பரப்பைவிடச் சிறியது.

வயலில் நின்று கோல் பிடிப்பவன் யாரும் இதை அளந்திருக்க முடியாது. கோல் வைக்கும் இடத்தில் இருக்கும் எறும்புப் புற்றே இதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஆய்வுக்கூடத்தில் நூலும் கல்லும் கட்டி ஊசல் ஆட்டிவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தை 9.80665 என்று எழுதிக்கொண்டு வரும் மாணவனிடம், "தம்பி, உன் நிறுத்துகடிகாரம் எத்தனை தசமம் வரை சொல்லும்?" என்று கேட்பேன். அதே கேள்விதான் இங்கும். அந்தப் பின்னம் அளவையின் நுட்பம் அன்று, வகுத்தலின் நுட்பம். பங்கில் பங்கு, அதில் ஒரு பங்கு என்று பிரிக்கும்போது எச்சம் விடாமல் எழுதிய கணக்கரின் நேர்மை அது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அளவையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

கோலின் நீளம்

உண்மையான சிக்கல் பின்னத்தில் இல்லை, கோலில் இருந்தது. கோல் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. பல கோயில்களில் கோலின் நீளத்தைச் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் கண் முன்னே இருந்த நிலையான அளவு அது. நம் பகுதியில் இன்றும் வழங்கும் காணியை எடுத்துக்கொள்வோம். 24 அடிக் கோலால் ஒரு சதுரம் போட்டால் 576 சதுர அடி. அது ஒரு குழி. 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. நம் பெரியவர்கள் "ஒரு காணி 132 சென்ட்" என்று வாய்ப்பாடாகச் சொல்வது இதைத்தான். சென்னையில் 'கிரவுண்டு' என்று விற்கிறார்களே, அந்த 2,400 சதுர அடி மனையும் இதன் பிள்ளைதான். காணியில் 24-இல் ஒரு பங்கு.

இப்போது கோலைச் சற்றே குட்டையாக்குவோம். 24 அடிக்குப் பதில் 22 அடி. கோல் குறைந்தது 12-இல் ஒரு பங்குதான். ஆனால் பரப்பு நீளத்தின் இருமடியாகப் போகும். அதே வயல், அதே வரப்பு. முன்பு 100 குழி என்றது இப்போது 119 குழி ஆகிவிடும். குழிக்கு இவ்வளவு என்று வரி இருந்தால், விளைச்சல் ஒரு படி கூடாமலேயே வரி நூற்றுக்கு 19 கூடும். விசயநகர காலத்தில் கோலின் நீளத்தைக் கூட்டித் தரும்படி நாட்டார் முறையிட்ட செய்திகள் கல்வெட்டுகளில் வருவதற்குக் காரணம் இந்த எளிய வடிவியல்தான். பள்ளிக்கூடம் பார்க்காத உழவனுக்கும் இருமடி விதி தெரிந்திருந்தது.

கள்ளக்குறிச்சியைத் தாண்டி மேற்கே கல்வராயன் மலைக்குப் போனால் கோலே கிடையாது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் நிலத்தை உழவுகாடு, கொத்துக்காடு என்று பிரித்தார்கள். மாடு பூட்டி உழக்கூடிய சமதரை உழவுகாடு. சரிவில் மண்வெட்டியாலும் கொத்தாலும் மட்டுமே பயிர் செய்ய முடிந்தது கொத்துக்காடு. மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த அம்மலையில் தீர்வை ஏரையும் கொத்தையும் கணக்கிட்டு வாங்கப்பட்டது. பரப்பை அளந்து அன்று. நிலத்தைச் சதுர அடியால் அளக்காமல் உழைப்பால் அளக்கும் இம்முறையை நாகரிகக் குறைவு என்று சில பழைய அதிகாரிகள் கருதினார்கள். அப்படியானால் இங்கிலாந்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 1086-இல் வில்லியம் மன்னன் தயாரித்த டூம்ஸ்டே ஏட்டில் ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை ஏர் என்பதுதான் முக்கியமான கணக்கு. அதே 1086-இல் இங்கே முதற் குலோத்துங்கன் மறு அளவைக்கு ஆணையிட்டிருந்தான் என்பது ஒரு சுவையான தற்செயல். அந்த ஆங்கில ஏட்டில் இலண்டன் மாநகரம் இல்லை. நாட்டிலேயே மிகுதியாக வீடுகள் நிறைந்த இடத்தைக் காணோம்! வயலை எண்ணியவர்கள் ஊரை எண்ணாமல் விட்டது தஞ்சையில் மட்டும் நடந்ததன்று.

சங்கிலி வந்தது

கல்வராயன் மலையை அரசு முழுமையாக ஏற்றது 1976-இல்தான். சமவெளியில் கதை வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி இரயத்துவாரி முறையைப் புகுத்திய பிறகு, ஒவ்வோர் உழவனின் ஒவ்வொரு வயலும் தனித்தனியே தெரிந்தாக வேண்டியிருந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் முறையான வருவாய் நில அளவை தொடங்கியது. கோணமானியும் கண்டர் சங்கிலியும் வந்தன. கண்டர் என்பவர் 1620-இல் வகுத்த இச்சங்கிலி 66 அடி நீளம், 100 கண்ணிகள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 4-ஐயும் 10-ஐயும் கலந்து வைத்த அழகான ஏற்பாடு இது. 10 சங்கிலி ஒரு பர்லாங். 80 சங்கிலி ஒரு மைல்.

இயற்பியல்காரனுக்குச் சங்கிலியைக் கண்டால் கை சும்மா இராது. ஒரு கணக்குப் போடுவோம். அக்காலத்து ஆங்கில நீள அளவுகள் 62 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 16.7 டிகிரி செல்சியசில் சரியானவை. சித்திரை மாதம் நம் ஊர்க் காட்டில் 40 டிகிரி. வேறுபாடு 23.3 டிகிரி. எஃகின் நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு லட்சத்தில் 1.2 பங்கு. எனவே 66 அடிச் சங்கிலி, அதாவது 20.12 மீட்டர், ஏறத்தாழ 5.6 மி.மீ. நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் வயல் சிறியதாகத் தெரியும். பரப்பில் பிழை இருமடங்கு, அதாவது பத்தாயிரத்தில் 5.6 பங்கு. 100 ஏக்கர் நிலத்தில் 5.6 சென்ட் காணாமல் போகும். ஏறத்தாழ ஒரு கிரவுண்டு! கோடையில் அளந்தால் உழவனுக்கு இலாபம். மார்கழியில் அளந்தால் அரசுக்குக் கொஞ்சம் தேறும்.

ஆனால் இதைவிடப் பெரிய பிழை தேய்மானம். கண்ணியும் வளையமும் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் ஒரு சங்கிலியில் பல நூறு. 600 இடங்களில் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி 60 மி.மீ. நீண்டுவிடும். வெப்பத்தால் வந்ததைப் போல் பத்து மடங்கு இது. அதனால்தான் அளவைத் துறையினர் சங்கிலியை அடிக்கடி நிலையான அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இத்தனை கவலையோடு ஒவ்வொரு புன்செய்த் துண்டுக்கும் எண் கொடுத்து, கல் நட்டு, புலப்படம் வரைந்து வைத்தார்கள். அந்தப் புலப்படங்களின் வழிவந்தவற்றை வைத்துத்தான் இன்றும் நிலத் தகராறுகளைத் தீர்க்கிறோம்.

அவ்வளவு பாடுபட்டவர்கள் ஊருக்குள் வந்ததும் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார்கள். ஊர் முழுவதையும் சுற்றி ஓர் எல்லை வரைந்து, ஒரே எண்ணோ சில எண்களோ கொடுத்து, 'கிராம நத்தம்' என்று எழுதிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். வீடு வீடாக அளக்கவில்லை. நத்தத்துக்குத் தீர்வை இல்லை; தீர்வை இல்லாததை அளக்கச் செலவு எதற்கு? இராசராசன் கணக்கர்கள் கழித்துவிட்ட அதே நிலத்தை வெள்ளைக்காரன் கணக்கரும் வெற்றிடமாக விட்டார்.

என் பாட்டனார் வீட்டுப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. இன்னார் வீட்டுக்குத் தெற்கு, தெருவுக்கு வடக்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு, வேப்ப மரத்துக்கு மேற்கு. இந்த நான்கெல்லைக்குள்பட்ட மனையும் அதில் உள்ள கூரை வீடும் என்று போகிறது. இன்னார்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள். வேப்ப மரம் என் தந்தையார் காலத்திலேயே புயலில் சாய்ந்தது. ஆண்டுகள் கழித்து ஒட்டு வீட்டை மாற்றிக் கட்டுவதற்குத் தந்தையார் கடன் கேட்டுப் போனபோது, அங்கிருந்தவர் கேட்டது இரண்டே கேள்வி: புல எண் என்ன, பட்டா எங்கே? புல எண் இருந்தது. ஆனால் அது எங்கள் தெருவில் இருந்த எல்லோருக்கும், கோயிலுக்கும், பொதுக் கிணற்றுக்கும் சேர்த்து ஒரே எண். இரண்டு காணிப் புன்செய்க்கு அங்குலம் பிசகாத படம் இருந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு ஒரு கோடு கூடக் கிடையாது. கடன் கிடைக்கவில்லை. புன்செயை அடகு வைத்துத்தான் வீடு எழும்பிற்று.

எங்களுக்காவது பத்திரம் என்று ஒன்று இருந்தது. நிலக்காரரின் இடத்தில் குடிசை போட்டு, அவர் வயலிலேயே கூலி வேலை செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடிந்தது. தமிழகத்தில் 1971-இல் குடியிருப்பு மனைகளை அனுபவிப்போருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்ததன் பின்னணி இது. அதற்கு முன் 1892-இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. செங்கற்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை அதற்கு வித்திட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று பேசுவது அதையே. அங்கேயும் காகிதத்தில் உள்ள நிலம் கையில் இருக்கிறதா என்பதுதான் இன்றுவரை வழக்கு.

நத்தம் என்பது அரசின் புறம்போக்கு அன்று, குடியிருப்போருக்கு உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியிருக்கிறது. 1980-இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டது. 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவேடுகளைத் திருத்தும் பணி நடந்தது. அதற்கும் பிறகுதான் நத்தத்தை மனை மனையாக அளந்து பட்டா கொடுக்கும் வேலை பரவலாயிற்று. அதாவது வயலை அளந்து நூறாண்டுக்கு மேல் கழிந்த பிறகு வீட்டுக்கு முறை வந்தது. வட மாநிலங்களின் ஆயிரக்கணக்கான சிற்றூர்களில் 2020-க்குப் பிறகுதான், அதுவும் ஆளில்லாச் சிறு விமானங்களைப் பறக்கவிட்டு, இந்த வேலை தொடங்கியிருக்கிறது.

ஏரியும் வீடும் ஒரே பெட்டியில்

சரி, மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் நாட்டின் நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் 1950-ஐ ஒட்டி ஒன்பது வகைகளாக ஒழுங்குபடுத்தப்பட்டது. காடு, பாறை முதலிய பயிரிட இயலாத நிலம், மேய்ச்சல் நிலம், தோப்பு, பயிரிடத்தக்க தரிசு, நடப்புத் தரிசு, மற்றத் தரிசு, நிகரப் பயிர்ப் பரப்பு ஆகியவை எட்டு. மிஞ்சிய ஒன்று 'வேளாண்மை அல்லாத பயன்பாட்டில் உள்ள நிலம்'. ஊர்க் கணக்கு வட்டத்துக்குப் போய், வட்டம் மாவட்டத்துக்குப் போய், மாநில அட்டவணையாக வெளிவருகிறது. தமிழ்நாட்டின் 130 லட்சம் எக்டேரில் இந்த ஒரு வகை மட்டும் ஏறத்தாழ 22 லட்சம் எக்டேர். ஆறில் ஒரு பங்கு! இதைப் பார்த்துவிட்டு, "மாநிலத்தில் ஆறில் ஒரு பங்கு கட்டடமாகிவிட்டது" என்று எழுதியவர்களையும் நான் படித்திருக்கிறேன்.

அது தவறு. இந்தப் பெட்டிக்குள் வீடும் சாலையும் இருப்புப் பாதையும் மட்டும் இல்லை. ஆறு, வாய்க்கால், ஏரி, குளம் என்று நீர் நிற்கும் நிலமும் இதிலேதான் அடக்கம். தமிழ்நாட்டில் ஏரிகள் சுமார் 40,000. நீர்ப்பரப்பு எவ்வளவு பெரிய பகுதி என்று நீங்களே ஊகிக்கலாம். வயல் அல்லாதது எல்லாம் ஒன்று என்ற தஞ்சைச் சுவரின் கழித்தல் கணக்குதான் இங்கே வேறு பெயரில் நிற்கிறது. அதிலாவது குளம் தனியே, நத்தம் தனியே சொல்லப்பட்டன.

இதன் விளைவைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒரு வயல் மனைப் பிரிவானால் பயிர்ப் பரப்பு குறையும், இந்தப் பெட்டி கூடும், அட்டவணையில் தெரியும். ஆனால் ஓர் ஏரி மனைப் பிரிவானால்? முன்பும் அது வேளாண்மை அல்லாத நிலம், பின்பும் அதுவே. பெட்டிக்குள் இருந்த பொருள் மாறியது. பெட்டியின் எடை மாறவில்லை. அட்டவணையில் ஒரு தசமம் கூட அசையாது.

இது கற்பனைக் கணக்கன்று. சென்னையில் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது மாம்பலத்துப் பெரிய ஏரியின் மீது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். இன்று அங்கே எஞ்சியிருப்பது ஏரியின் பெயரைச் சுமக்கும் தெருக்கள்தாம். பல சிற்றூர்களிலும் பேருந்து நிலையம், அலுவலகம், குடியிருப்பு என்று ஏதாவது கட்ட இடம் தேடியவர்கள் முதலில் கண் வைத்தது ஏரிக்கே. இழப்பீடு கொடுக்க வேண்டாம், வழக்குப் போட ஆளில்லை, நிலம் சமதளம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆனால் எத்தனை ஏரிப் பரப்பு எந்த ஆண்டில் போயிற்று என்பதை நிலப் பயன்பாட்டு அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் பகுதி போல ஏரிப் பாசனத்தையும் கிணற்றையும் நம்பிய ஊருக்கு இது சிறிய குறையன்று. ஏரி போனால் அதன் கீழுள்ள ஆயக்கட்டு மட்டும் போவதில்லை. சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கும். அதற்குப் பிறகுதான் வயல் தரிசாகும். தரிசு மட்டும் அட்டவணையில் வந்துவிடும், காரணம் வராது.

வானிலிருந்து

"அதற்கென்ன, செயற்கைக்கோள் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, 1972-இல் அமெரிக்கா லாண்ட்சாட்டை ஏவியது, 1988-இல் நம் ஐ.ஆர்.எஸ். 1ஏ பறந்தது. அதன் ஒரு கருவியில் படத்தின் ஒரு புள்ளி தரையில் 72.5 மீட்டர் சதுரம், ஏறத்தாழ 1.3 ஏக்கர். எங்கள் தெரு முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். இன்று எல்லோரும் இலவசமாகப் பெறக்கூடிய ஐரோப்பியப் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம், இரண்டரைச் சென்ட். ஒரு நடுத்தர வீடு.

செயற்கைக்கோள் வீட்டை வீடு என்று அறிவதில்லை. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதை மட்டும் அது அறியும். பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை வாரி வீசும். உதாரணமாகச் சிவப்பில் 5 பங்கும் அகச்சிவப்பில் 45 பங்கும் திரும்பினால், வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுக்க 0.8 வரும். அது செழித்த பயிர். வெறும் மண்ணுக்கு 20, 28 என்று வந்தால் விடை 0.17-தான். நீர் அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். ஏரி படத்தில் கறுப்பாகத் தெரியும். இதுவரை எல்லாம் நலமே.

தொல்லை வைகாசியில் வருகிறது. ஏரி வற்றிவிடும். வயல் அறுத்துக் கிடக்கும். அப்போது ஏரித் தரை, தரிசு வயல், ஓட்டு வீடு மூன்றும் படத்தில் ஏறக்குறைய ஒரே நிறம். ஏன் இராது? ஓடும் செங்கல்லும் சுட்டது பெரும்பாலும் ஏரி வண்டல் மண்ணில்தானே! சுட்டதால் நிறமாலை சற்று மாறியிருக்கலாம். அடிப்படையில் அதே மண். ஆகவே ஒரே ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஐப்பசி மழைக்குப் பின் ஒரு படம், தையில் ஒன்று, வைகாசியில் ஒன்று என்று மூன்று எடுத்துப் பொருத்த வேண்டும். ஆண்டு முழுவதும் மாறாமல் காய்ந்தே கிடக்கும் புள்ளி பெரும்பாலும் கட்டடம் அல்லது சாலை. ஒரு காலத்தில் கறுத்து மறுகாலத்தில் வெளுப்பது ஏரி. ஒரு காலத்தில் பசுப்பது வயல். நில அளவையில் காலம் என்னும் நான்காவது பரிமாணத்தையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லலாம்.

அந்த மாணவரும் அவர் நண்பர்கள் சிலரும் விடுமுறையில் இதைத் தங்கள் ஊர்களுக்குச் செய்து பார்த்தார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக நடந்தார்கள். கட்டடம் என்று கணினி சொன்ன ஓரிடம் கருங்கல் பாறையாக இருந்தது. தரிசு என்று சொன்ன இடத்தில் செங்கற்சூளை. அங்கே மண் எடுத்த பள்ளத்தில் தேங்கிய மழை நீரை ஏரி என்று குறித்திருந்தது. ஊர்க் கணக்கில் அந்தப் பள்ளம் இன்னும் புன்செய். நெடுஞ்சாலையோரத்தில் ஒருவர் சாலையின் ஓரம் நெடுக மக்காச்சோளத்தைக் காயப் போட்டிருந்தார். களம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள் வந்துவிட்டனவாம். "சார், இந்த இடத்தை எந்தப் பெட்டியில் போடுவது?" என்று ஒரு பெண் கேட்டாள். சாலை என்றே போடச் சொன்னேன். அவள் சாலை என்று எழுதிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் களம் என்றும் எழுதிக்கொண்டாள்.